பவள வேருக்குள் ஒரு பச்சை வளையம்

பனை போன்ற தோற்றமுள்ள சைகட் செடியை வளர்ப்பவர்கள் தொட்டியின் மேல்மண்ணைக் கிளறும்போது சில சமயம் திடுக்கிடுவதுண்டு. வேர் என்றால் கீழ்நோக்கிப் போக வேண்டும். இங்கேயோ அடித்தண்டைச் சுற்றி, குட்டையாகவும் தடித்தும் கவைகவையாகப் பிரிந்த ஏதோ ஒன்று மண்ணை முட்டிக்கொண்டு மேலே வந்திருக்கும். நோய் என்று நினைத்து வெட்டி எறிகிறவர்கள் உண்டு. நூற்புழு தாக்கி வேரில் முடிச்சு விழுந்துவிட்டது என்று மருந்து ஊற்றுகிறவர்களும் உண்டு. வீசுவதற்கு முன் குறுக்கே ஒரு சீவு சீவிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். வெளிறிய வேரின் தோலுக்குச் சற்று உள்ளே கரும்பச்சை நிறத்தில் மெல்லிய வளையம் ஒன்று ஓடும். வெயிலே படாத இடத்தில் பச்சை.

அந்தப் பச்சை செடியுடையது அல்ல. அது சயனோபாக்டீரியா, பாடப்புத்தகங்கள் நீலப்பசும்பாசி என்று சொல்லும் நுண்ணுயிர். பெரும்பாலும் நாஸ்டாக் என்ற பேரினம். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குப் பயன்படும் உருவில் மாற்றித் தருவது அதன் வேலை. கடலடிப் பவளத்தைப் போலக் கிளைத்திருப்பதால் அந்த வேருக்குப் பவள வேர் என்று பெயர்.

இந்தக் கூட்டணியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் ‘டைனோசர் காலத்து நட்பு’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2023இல் வந்த ஓர் ஆய்வு அந்தக் கதையின் அடியையே ஆட்டிவிட்டது. அதற்குப் போகுமுன் வேரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம். அந்த ஆய்வின் கனம் அப்போதுதான் பிடிபடும்.

சைகட் பார்ப்பதற்குப் பனை போல இருக்கும், ஆனால் பனைக்கும் அதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. பூக்காது, பைன் மரங்களைப் போலக் கூம்பு விடும் திறந்த விதைத் தாவரம். ஆண் வேறு, பெண் வேறு. இன்று 10 பேரினங்களில் 350க்குச் சற்று அதிகமான இனங்கள் எஞ்சியிருக்கின்றன. அலங்காரச் செடியாக உலகெங்கும் விற்பனையாகும் சைகஸ் ரெவொலூட்டா, ஆஸ்திரேலியாவின் மேக்ரோசேமியா, ஆப்பிரிக்காவின் என்செஃபலார்டோஸ், அமெரிக்கக் கண்டங்களின் சேமியா எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. விதை விடும் தாவரமாக இருந்தும் இவற்றின் விந்தணுக்கள் இன்றும் நீந்துகின்றன. ஜப்பானியத் தாவரவியலாளர் இகேனோ 1896இல் அதைக் கண்டபோது பெரிய பரபரப்பாக இருந்தது. ‘உயிருள்ள புதைபடிவம்’ என்ற பட்டம் இவற்றுக்கு ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. இன்றுள்ள பேரினங்கள் எல்லாவற்றிலும் பவள வேர் உண்டு. திறந்த விதைத் தாவரங்களில் வேறு எந்தக் கூட்டமும் சயனோபாக்டீரியாவை வேருக்குள் இப்படிக் குடிவைத்துக்கொள்வதில்லை.

குடிவைப்பதற்கு என்ன அவசியம்? காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகப் பூட்டப்பட்டிருக்கின்றன. எந்தச் செடியாலும் அந்தப் பூட்டைத் தானாகத் திறக்க முடியாது. உரத் தொழிற்சாலையில் ஹேபர்-பாஷ் முறையில் அதைத் திறக்க 400 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பமும் காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். சில பாக்டீரியாக்கள் இதே காரியத்தைச் சாதாரண வெப்பநிலையில் நைட்ரோஜினேஸ் என்ற நொதியை வைத்துச் செய்துவிடுகின்றன. சும்மா நடப்பதில்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க, ஆற்றலைச் சுமந்து திரியும் ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகும். உயிரணுவின் கணக்கில் இது பெரிய செலவு.

அதைவிடப் பெரிய தலைவலி ஆக்சிஜன். ஆக்சிஜன் பட்டால் நைட்ரோஜினேஸ் கெட்டுப்போகும். சயனோபாக்டீரியாவோ ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளிவிடும் உயிர். ஒரே வீட்டில் அடுப்பையும் பஞ்சு மூட்டையையும் வைத்துக்கொள்கிற மாதிரி. நாஸ்டாக் கண்ட வழி, அறையைத் தடுப்பது. அதன் உயிரணுக்கள் மணி கோத்ததுபோல இழையாக இருக்கும். நைட்ரஜன் பஞ்சம் வந்தால், பத்து இருபது மணிகளுக்கு ஒன்று உருமாறும். சுவர் தடிக்கும், ஆக்சிஜனை உண்டாக்கும் ஒளியமைப்பு கழன்றுவிடும், இனி அந்த உயிரணு இரண்டாகப் பிரிந்து பெருகவும் செய்யாது. இதுதான் ஹெட்டிரோசிஸ்ட். நைட்ரஜன் பிடிப்பதைத் தவிர அதற்கு வேறு வேலையில்லை. பக்கத்து உயிரணுக்கள் அதற்குச் சர்க்கரை தரும். அது அவற்றுக்கு நைட்ரஜன் தரும். ஆக, செடியோடு சேருவதற்கு முன்பே இந்த உயிருக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டுதான் இருந்தது. சைகட் அதற்குள் தானும் ஒரு பங்காளியாக நுழைந்துகொண்டது என்று சொல்லலாம்.

நுழைந்த விதத்தில்தான் சைகட் தனித்து நிற்கிறது. அவரை, உளுந்து போன்ற பயறு வகைகளின் வேர் முடிச்சு பலருக்கும் தெரிந்தது. அங்கே பாக்டீரியா ரசாயனச் சைகை கொடுத்த பிறகுதான் செடி முடிச்சைக் கட்டும். சைகட் அப்படிக் காத்திருப்பதில்லை. ஆள் வருவதற்கு முன்பே வீட்டைக் கட்டிவிடுகிறது. நாற்றுப் பருவத்திலேயே சில பக்கவேர்கள் புவியீர்ப்பை எதிர்த்து மேல்நோக்கி வளர்ந்து மண்ணின் மேற்பரப்புக்கு அருகே வந்து நிற்கும். உள்ளே யாரும் இல்லாத நிலையில் இவற்றை முன்பவள வேர் என்கிறார்கள். சயனோபாக்டீரியா மேல்மண்ணில்தானே அதிகம் இருக்கும்! காற்றும் அங்கேதான். மேலே ஏறி வரும் வேரின் கோணல் புத்திக்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை என்று தோன்றுகிறது.

நாஸ்டாக்குக்குச் சாதாரணமாக நகரத் தெரியாது. ஆனால் ஹார்மோகோனியம் என்று ஒரு பருவம் அதற்கு உண்டு. இழை சிறு துண்டுகளாக உடைந்து, வழுக்கிக்கொண்டு ஊரத் தொடங்கும். செடியின் வேரிலிருந்து கசியும் சில பொருள்கள் இந்தப் பருவத்தைத் தூண்டிவிடுகின்றன. ஊர்ந்து வரும் இழைகள் வேரின் தோலிலுள்ள காற்றுத்துளைகள், வெடிப்புகள் வழியே உள்ளே புகும். புகுந்தபின் வேரின் நடை உடை பாவனையே மாறிவிடுகிறது: இரண்டிரண்டாகக் கிளைத்துத் தடித்துப் பவள உருவம் எடுக்கிறது. தோலுக்கு உள்ளே இருக்கும் புறணி என்ற சதைப்பகுதியின் வெளிப்பகுதிக்கும் உட்பகுதிக்கும் இடையே வழவழப்பான பசை நிறைந்த ஓர் இடைவெளி உருவாகிறது. அந்த இடைவெளிதான் வெட்டிப் பார்த்தபோது வளையமாகத் தெரிந்தது. இழைகள் செடியின் உயிரணுக்களுக்குள் போவதில்லை. அவற்றுக்கு நடுவேதான் வாழ்கின்றன. இடைவெளியின் இரு கரைகளையும் இணைத்துப் பாலம்போலச் சில நீண்ட செடி உயிரணுக்கள் நிற்கும். பண்டமாற்று அவற்றின் வழியே நடக்கிறது.

உள்ளே வந்த நாஸ்டாக்கின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சமைத்துச் சாப்பிடத் தெரிந்தவனை இருட்டறையில் உட்காரவைத்து, வேளாவேளைக்குச் சாப்பாட்டை வெளியிலிருந்து அனுப்புவதுபோல. வெளிச்சம் இல்லாததால் ஒளிச்சேர்க்கை நடப்பதில்லை. கரிமம் முழுவதும் செடியின் சர்க்கரையிலிருந்தே வருகிறது. ஆனாலும் பச்சையத்தை அது கைவிடுவதில்லை. வேரிலிருந்து பிரித்தெடுத்து வெளிச்சத்தில் வைத்தால் திரும்பவும் ஒளிச்சேர்க்கை செய்கிறது. தொழிலை மறக்காமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிறது.

இருட்டில் அதன் உடலமைப்பும் மாறுகிறது. வெளியே வாழும்போது இழையில் 5 முதல் 10 விழுக்காடு உயிரணுக்கள்தான் ஹெட்டிரோசிஸ்டாக இருக்கும். பவள வேருக்குள், அதிலும் பழைய பகுதிகளில், இது 40 விழுக்காட்டையும் தாண்டியதாக அளவீடுகள் உண்டு. வெளியே இரண்டு ஹெட்டிரோசிஸ்ட் ஒட்டி வருவது அபூர்வம். இங்கே இரண்டு, மூன்று, சில நேரம் நான்குகூட வரிசையாக நிற்கும். ஹெட்டிரோசிஸ்ட் கூடினால் நைட்ரஜனும் கூடும் என்று நினைக்கத் தோன்றும். அது தப்பு. நைட்ரஜன் பிடிக்கும் வேகம் வேரின் இளம் பகுதியில்தான் அதிகம். அடிப்பகுதிக்குப் போகப் போக ஹெட்டிரோசிஸ்ட் எண்ணிக்கை ஏறும், வேலை குறையும். அங்கே நிற்பவை பெரும்பாலும் ஓய்ந்துபோன கிழடுகள். ஆகவே செடி புதுப்புது நுனிகளைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

பிடித்த நைட்ரஜன் எந்த உருவில் செடிக்குப் போகிறது என்பதும் சுவாரசியமான விஷயம். அசோலா என்ற நீர்ப் பெரணியிலும் கன்னெரா என்ற பூக்கும் செடியிலும் குடியிருக்கும் சயனோபாக்டீரியா, அம்மோனியாவைத் தனக்கென்று கட்டிப்போடும் நொதியைத் தணித்துவிடுகிறது. அதனால் அம்மோனியா அப்படியே செடிக்குக் கசிகிறது. சைகட்டில் அந்த நொதி தணிவதில்லை. நாஸ்டாக் அம்மோனியாவை அமினோ அமிலமாக மாற்றிய பிறகே கைமாறுகிறது என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள். சைகஸ் பேரினத்தில் சாற்றுக்குழாய் வழியே மேலேறுவது முக்கியமாகக் குளூட்டமினும் குளூட்டமிக் அமிலமும்; சேமியா குடும்பத்தில் குளூட்டமினோடு சிட்ருலின். பச்சரிசியாகக் கொடுக்காமல் சோறாக வடித்துக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் ஒரேயடியாக யாரும் கண்டுபிடித்துவிடவில்லை. ஜெர்மானியத் தாவரவியலாளர் யோஹானஸ் ரைங்கே 1872இல் சைகட் வேருக்குள் இந்தப் பாசியைக் கண்டபோது ஒட்டுண்ணி என்றே எழுதினார். வேருக்குள் அழைக்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் ஒன்றை வேறு எப்படிப் பார்ப்பது! அது ஒட்டுண்ணி அல்ல, செடிக்கு நைட்ரஜன் தருகிறது என்பதை நேரடியாகக் காட்ட ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1965இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கனமான நைட்ரஜன்-15 கலந்த காற்றை மேக்ரோசேமியாவின் பவள வேர்களுக்குக் கொடுத்து, அந்த நைட்ரஜன் வேரில் சேர்வதையும் அங்கிருந்து செடியின் மற்ற பாகங்களுக்குப் போவதையும் காட்டினார்கள். அடுத்த பத்தாண்டில், மேற்கு ஆஸ்திரேலியக் காடுகளில் மேக்ரோசேமியா ரீட்லீ அடர்ந்து வளரும் இடங்களில் ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 19 கிலோ நைட்ரஜன் இந்த வழியில் சேர்வதாகக் கணக்கிட்டார்கள். பயறு வகைப் பயிரோடு ஒப்பிட்டால் இது குறைவு. ஆனால் அந்த மண் ஏற்கெனவே வறியது, போதாக்குறைக்கு அடிக்கடி காட்டுத்தீ. தீயில் இலையும் சருகும் எரிந்தால் அதிலிருந்த நைட்ரஜனும் புகையோடு போய்விடும். அதை மறுபடி மண்ணில் சேர்க்கும் சில உயிர்களில் தரைமட்டத்தில் நிற்கும் இந்தச் சைகட் ஒன்று. தீ ஓய்ந்த சில வாரங்களில் கருகிய தரையில் முதலில் பச்சை காட்டுவதும் பெரும்பாலும் அதுதான்.

பவள வேரைப் பற்றிப் பேசினால் குவாம் தீவைத் தொடாமல் போக முடியாது. மேற்குப் பசிபிக்கிலுள்ள அந்தத் தீவின் சமோரோ மக்களிடையே, இருபதாம் நூற்றாண்டின் நடுவில், நரம்புச் சிதைவு நோய் ஒன்று மற்ற இடங்களைவிடப் பல பத்து மடங்கு அதிகமாக இருந்தது. அவர்கள் சைகட் விதையை ஊறவைத்துக் கழுவி மாவாக்கிச் சாப்பிடுவது வழக்கம். 1967இல் சைகட் விதையிலிருந்து பிஎம்ஏஏ என்ற அமினோ அமிலம் பிரித்தெடுக்கப்பட்டதும் சந்தேகம் அதன்மேல் விழுந்தது. 2003இல் தாவரவியலாளர் பால் காக்ஸும் உடன் பணிசெய்தவர்களும் ஒரு படி மேலே போனார்கள்: பிஎம்ஏஏவை உண்டாக்குவது பவள வேரிலுள்ள நாஸ்டாக், அது விதைக்கு ஏறி, விதையைத் தின்னும் பழந்தின்னி வௌவாலின் உடலில் குவிந்து, வௌவாலைச் சாப்பிட்ட மனிதருக்கு வந்து சேர்கிறது என்றார்கள். கதை கச்சிதமாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு அதில் இடிக்கிறது. கழுவிய மாவில் மிஞ்சும் நஞ்சு மிகக் குறைவு என்றும், அளந்த முறையிலேயே கோளாறு என்றும் எதிர்வாதங்கள் வந்தன. விவாதம் இன்னும் முடியவில்லை. சைகட் விதையில் இருக்கும் இன்னொரு நஞ்சான சைகசின் விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. அதைச் செடியே செய்கிறது, நாஸ்டாக்குக்குப் பங்கில்லை. ஆகவே கழுவாத சைகட் விதை ஆபத்து என்பதில் இரண்டு கருத்துக்கே இடமில்லை.

சரி, அந்த 2023 ஆய்வுக்கு வருவோம்.

சைகட் வம்சம் பெர்மியன் காலத்தின் தொடக்கத்திலேயே, அதாவது ஏறக்குறைய 28 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டது. இன்றுள்ள எல்லாப் பேரினங்களிலும் பவள வேர் இருப்பதால், பொது மூதாதையிடமும் அது இருந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். தர்க்கம் சரிதான். ஆனால் ஒரு முரண் உறுத்திக்கொண்டே இருந்தது. நைட்ரஜன் பிடிக்கும் கூட்டாளியை வைத்துக்கொள்ள நிறையச் சர்க்கரை செலவாகும். இப்படிச் செலவழிப்பது பொதுவாக வறண்ட, ஊட்டமற்ற மண்ணில் பிழைப்பு நடத்தும் தாவரங்கள். டைனோசர் காலத்தில் சைகட்கள் காடுகளின் கீழ்த்தளத்தில் தாராளமாகப் பரவிக் கிடந்தன. அவ்வளவு வசதியாக இருந்தவற்றுக்கு இந்தச் செலவு எதற்கு?

வேர் புதைபடிவமாவது அபூர்வம், இலை கிடைக்கும். 2023 ஆய்வைச் செய்த மைக்கேல் கிப்பும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் இலையைக் கேட்டார்கள். நைட்ரஜனில் இரண்டு வகை உண்டு: சாதாரண நைட்ரஜன்-14, சற்றே கனமான நைட்ரஜன்-15. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் லேசானதை முன்னுரிமை கொடுத்துச் செலவழிப்பதால், மண்ணில் மிஞ்சும் நைட்ரஜன் பெரும்பாலும் கனமாகிவிடும். காற்றிலிருந்து நேரடியாகப் பிடித்த நைட்ரஜனில் அந்தக் கனம் இருக்காது. காற்றின் விகிதத்தையே ஒட்டியிருக்கும். இலையில் இந்த விகிதத்தை அளந்தால், செடி மண்ணிலிருந்து சாப்பிட்டதா காற்றிலிருந்து சாப்பிட்டதா என்று ஊகிக்கலாம். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க, அதே காலத்து, அதே இடத்து வேறு தாவரங்களின் இலைகளோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகள் கல்லில் கிடந்த இலை தன் சாப்பாட்டுக் கணக்கை இன்னும் வைத்திருக்கிறது என்பதே எனக்கு நம்பச் சிரமமாக இருந்தது.

முடிவு ‘நேச்சர் ஈக்காலஜி அண்ட் எவல்யூஷன்’ இதழில் வந்தது. இன்றும் வாழும் பேரினங்களைச் சேர்ந்த இரண்டு புதைபடிவங்களில், இரண்டும் டைனோசர்களுக்குப் பிந்தைய சீனோசோயிக் காலத்தவை, காற்று நைட்ரஜனின் அடையாளம் தெரிந்தது. அழிந்துபோன பேரினங்களில் ஒன்றில்கூட அது இல்லை. அவற்றின் இலைகள் பக்கத்தில் வளர்ந்த மற்றச் செடிகளின் இலைகளைப் போலவே இருந்தன, மண்ணிலிருந்துதான் சாப்பிட்டிருக்கின்றன. அப்படியானால் பவள வேருக்குள் நாஸ்டாக்கை வைத்துக்கொள்ளும் பழக்கம் மூத்த பாட்டியிடமிருந்து வந்த சொத்து அல்ல. ஜுராசிக் காலத்திலோ அதற்குப் பிறகோ, இன்றுள்ள கிளைகளுக்கு வந்து சேரும் வழிகளில், தனித்தனியாகத் தோன்றியது என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டினார்கள். பூக்கும் தாவரங்கள் பெருகி நல்ல மண்ணையெல்லாம் பிடித்துக்கொண்டன, காலநிலையும் மாறியது; இந்தக் கூட்டணி இருந்த கிளைகள் தப்பின, இல்லாதவை போயின. ‘எல்லாப் பேரினங்களிலும் உண்டு’ என்ற பழைய ஆதாரம் இப்போது வேறு மாதிரி படிக்கப்படுகிறது: பவள வேர் இல்லாதவை நாம் எண்ணிப் பார்க்க மிஞ்சவில்லை.

அளந்த புதைபடிவங்கள் குறைவு. இன்னும் சில இலைகள் கிடைத்தால் தேதிகள் முன்பின் நகரலாம். ஆனாலும் இந்த வாசிப்பு எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. ‘உயிருள்ள புதைபடிவம்’ என்ற பட்டத்தை 2011லேயே மரபணு ஆய்வு ஒன்று கேள்வி கேட்டிருந்தது. வம்சம் பழையது, ஆனால் இன்றுள்ள இனங்களில் பெரும்பாலானவை கடந்த 1.2 கோடி ஆண்டுகளுக்குள் பிரிந்தவை என்று அது சொன்னது.

நாஸ்டாக் பக்கமிருந்து பார்த்தாலும் இது நெடுநாள் தாம்பத்தியம் போலத் தெரியவில்லை. அசோலாவின் இலைக்குள் இருக்கும் சயனோபாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாக வித்துகளோடு சேர்ந்தே கைமாறி வருவதால், அதன் மரபணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செயலிழந்துவிட்டது. தனியாக வாழ அதனால் முடியாது. அந்தப் பாதையில் இன்னும் நெடுந்தூரம் போனால் உறுப்பாகவே ஆகிவிடும்: ஒற்றை உயிரணுக் கடல் நுண்பாசி ஒன்றுக்குள் இருக்கும் நைட்ரஜன் பிடிக்கும் சயனோபாக்டீரியா இனி பாக்டீரியா அல்ல, ‘நைட்ரோபிளாஸ்ட்’ என்ற உயிரணு உறுப்பு என்று 2024இல் அறிவித்தார்கள். சைகட்டின் இலையைப் பச்சையாக்கும் பசுங்கணிகமும் எப்போதோ விழுங்கப்பட்ட ஒரு சயனோபாக்டீரியாவின் வாரிசுதான். பவள வேரின் நாஸ்டாக்குக்கு இப்படி எதுவும் நேரவில்லை. ஆய்வகங்களில் மிக அதிகமாகப் பயன்படும் நாஸ்டாக் பங்க்டிஃபார்மே வகை மேக்ரோசேமியாவின் வேரிலிருந்து எடுக்கப்பட்டதே. அதன் மரபணுத்தொகை சுமார் 90 லட்சம் எழுத்துகள், பாக்டீரியா உலகில் பெரியது. வேரை விட்டால் தனியாக வாழும். கன்னெராவுக்குள் விட்டால் அங்கே குடியேறும், கொம்புப்பாசி என்ற பூக்காத சிறு தாவரத்துக்குள் விட்டால் அங்கேயும் குடியேறும்.

சைகட்டும் ஒரே ஆளை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. ஒரே செடியின் பவள வேர்களில் பல வகை நாஸ்டாக் இருப்பதுண்டு; அந்தந்த மண்ணில் கிடைப்பதை அது ஏற்றுக்கொள்கிறது. விதையில் எதையும் கட்டிக்கொடுத்து அனுப்புவதுமில்லை. பல ஆயிரம் கோடி சயனோபாக்டீரியாக்களை வேரில் வைத்திருக்கும் மரத்திலிருந்து விழுந்த விதையும் வெறும் விதையாகவே முளைக்கிறது. முதல் இலை விரியும் பருவத்தில் அதன் வெள்ளை வேர்கள் சில மேல்நோக்கித் திரும்பி, மண்ணின் விளிம்பில், உள்ளே வளையம் ஏதும் இல்லாமல் நிற்கும்.